கிங்ஸ்டன் பார்த்த ஜப்பான்

தூத்துக்குடி மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், ஜப்பானைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கிங்ஸ்டன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அங்கே நில நடுக்கம் வந்தால் என்ன செய்வார்கள், பச்சை மீனை அப்படியே தின்பது மெய்தானா, அந்த ஊர் மோட்டார் பம்பு நம் உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. அந்நியக் கப்பல்களின் எஞ்சின் அறையில் ஆயில்மேனாக ஓடி ஓய்ந்த மனிதர். கோபே, யோகோகாமா, நகோயா என்று துறைமுகங்களின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் வாயை மூட மறந்துவிடுவார்கள். கடல் பக்கத்தில் இது வழக்கம்தான். ஒருவன் ஒரு நாட்டுக்குக் கப்பலில் போய்வந்துவிட்டால் அந்த நாடே அவனுக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். அவனும் இல்லை என்று சொல்ல மாட்டான்.

அவர் மனைவி பிளாரன்சுக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அவள் அதற்கு விலை கொடுத்தவள். புருஷன் வருஷத்தில் முக்கால்வாசி கடலில் கிடக்க, ஒற்றை மகள் ரீனாவை வளர்த்தது, கொத்தனாரோடு சண்டை போட்டு வீட்டைக் கட்டியது, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடியது எல்லாம் அவள்தான். அவர் விடுமுறையில் வரும்போது, "அங்க என்ன பாத்திய?" என்றுதான் முதலில் கேட்பாள். தலையில் பனி மூடிய மலை, தண்ணீருக்குள் நிற்கும் சிவப்பு வாசல், கையில் வைத்திருக்கிற காப்பி தளும்பாமல் பறக்கிற ரயில் என்று அவர் அடுக்குவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் அதை மற்ற பெண்களிடம் இன்னும் கொஞ்சம் பனி சேர்த்துச் சொல்லுவாள். அந்த ரயிலில் ஒருநாள் தானும் ஏற வேண்டும் என்ற ஆசையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது ரீனா நகோயாவில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசா கிடைத்துவிட்டது, விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. அப்புறம்தான் இந்த ரயில் பாஸ் விவகாரம் வந்தது.

"சுற்றுலா வாரவங்களுக்குன்னே ஒரு பாஸ் இருக்கும்மா," என்றாள் ரீனா வீடியோவில். "வாங்கிட்டா ஒரு வாரம் நாடு பூராச் சுத்தலாம். ஆனா வெல ஏறிப்போச்சு. தூரந்தூரமாப் போனாத்தான் லாபம், இல்லன்னா தனித்தனி டிக்கெட்டே மேல். என்னைய மாதிரி இங்க குடியிருக்கறவங்களுக்குத் தர மாட்டாங்க. எனக்கு லீவும் கெடையாது. அதனால என்ன, அப்பாவுக்குத்தான் இந்த ஊரு அத்துப்படியாச்சே. அம்மாவக் கூட்டிக்கிட்டு அப்பா சுத்தட்டும். ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

பிளாரன்சுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆனால் கிங்ஸ்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பாஸெல்லாம் எதுக்குளா, வீண் செலவு," என்றார்.

மறுநாள் முழங்கால் வலி என்றார். அதற்கு மறுநாள், அந்தக் குளிர் உனக்கு ஆகாது என்றார். பேசாமல் மகள் வீட்டில் பத்து நாள் உட்கார்ந்து சோறாக்கிப் போட்டுவிட்டு வரலாம் என்று யோசனை வேறு சொன்னார்.

"எல்லாம் பாத்த ஊருதான் ளா. அதுல என்ன இருக்கு?"

"நீங்க பாத்தாச்சு. நான் பாக்கலையே!" என்றாள் பிளாரன்ஸ். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அவளுக்கே அது வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. பிளாரன்சின் கோபம் ஒருநாளும் குழம்பில் தெரியாது. சாளைமீன் குழம்பு எப்போதும்போல் மணக்கும். ஆனால் "சோறு வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். இந்த மனிதர் கஞ்சரும் இல்லையே, பின்னே எதற்கு இப்படி முரண்டு பிடிக்கிறார் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கோபேயில் யாரையாவது வைத்திருந்தாரோ, போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று கூட ஒரு நினைப்பு வந்தது. அவருடைய தொப்பையையும் வழுக்கையையும் பார்த்து அவளே சிரித்துக்கொண்டாள். சிரித்த பிறகும் அந்த நினைப்பு முழுசாகப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்ததும் ரீனா கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு வேல செய்யலாம். அம்மாவுக்கு எங்கெங்க காட்டணும்னு நீங்க வரிசையாச் சொல்லுங்க. பாஸ் லாபமா நட்டமான்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லிருதேன்."

கிங்ஸ்டன் வசமாக மாட்டிக்கொண்டார். நாற்காலியில் இப்படியும் அப்படியும் அசைந்தார்.

"கோபேல கப்பல் கட்டுத வார்ஃபு ஒண்ணு இருக்கு," என்று ஆரம்பித்தார். "அங்கனருந்து வெளிய வந்தா கப்பல்காரங்க கிளப்பு. பக்கத்துல ஒரு கடை. உங்கம்மாவுக்குக் கொடை வாங்குனது அங்கனதான். பெறவு யோகோகாமா. அங்க கேட்டுக்கு வெளிய ஒரு டெலிபோன் பூத்து. நகோயாவுலயும் ஒரு பூத்து உண்டு, கொஞ்சம் நடக்கணும்..."

ரீனா சிரித்துவிட்டாள். "என்னப்பா, எல்லாம் துறைமுக வாசலாவே இருக்கு! பனி மலை, செவப்பு வாசல், அதெல்லாம்?"

கிங்ஸ்டன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பலுக்குச் சாமான் போடுதவன் வருசா வருசம் காலண்டர் குடுப்பான்," என்றார் மெல்ல. "மெஸ்ஸுல தொங்கும். படம் நல்லா இருக்கும்."

ரீனாவின் சிரிப்பு நின்றது. "கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

பிளாரன்சுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதை நம்பி அவள் ஊரெல்லாம் அளந்துவிட்டிருக்கிறாளே!

"இத்தன வருசமும் காலண்டரையா எனக்கு வாசிச்சுக் காட்டுனிய?"

"நீ ஆசையாக் கேப்ப. ஒண்ணும் பாக்கலன்னு எப்படிளா சொல்லுதது?"

"கப்பல் அங்கன நிக்கும்லா? எறங்கி ஒரு எட்டு போய்ப் பாத்தா என்னவாம்?"

"நிக்கும். எனக்கு எறங்கக் கெடைக்கது ஒரு சாயங்காலம். பூத்துக்குப் போனா பிலிப்பைன்ஸ்காரன், பர்மாக்காரன்னு வரிசை நிக்கும். நம்ம வீட்டுல அப்ப போன் ஏது? என் மொற வந்து லைன் கெடைச்சா, மகாராஜன் அண்ணாச்சி கடைல போன எடுத்து, உன்னக் கூப்பிட ஆள் விட்டுருக்கேன், திருப்பிப் போடுங்கம்பாரு. மறுபடியும் வரிசைல போய்க் கடைசில நிக்கணும். உன்கிட்டப் பேசி முடிக்கையில கப்பலுக்குத் திரும்புத நேரம் ஆயிரும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "செல்போன் வந்த பெறவு என்னைய வளைகுடாப் பக்கம் மாத்திட்டானுவ" என்றார்.

மகாராஜன் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை பிளாரன்சின் கண்முன் வந்தது. ஆள் வந்து சொன்னதும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டம் வந்தது. ஓடிப்போய் என்ன பேசினாள்? குழாயில் தண்ணீர் வரவில்லை. சிமெண்டு விலை ஏறிவிட்டது. ரீனாவுக்குச் சளி. மிளகாய் மூட்டைக்கும் புளிச் சிப்பத்துக்கும் நடுவில் நின்று, கடைக்கு வந்தவர்கள் காது கொடுத்துக் கேட்க, வேறு என்னத்தைப் பேச முடியும்? "சரி, வைங்க, உங்க போன் கார்டு தீந்துரும்" என்று எத்தனை தடவை அவளே பேச்சை முடித்திருக்கிறாள்! தண்ணீர் வரவில்லை என்பதைக் கேட்கத்தான் இந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் தன் ஒரே சாயங்காலத்தை வரிசையில் நின்று கழித்திருக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்திக்கொண்டாள். அவருக்காக அழுதாளா, தனக்காக அழுதாளா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ரீனா மறுபடி கூப்பிட்டாள்.

"அம்மா, கணக்குப் போட்டுட்டேன். அப்பா சொன்ன எடத்துக்கெல்லாம் தனி டிக்கெட்டே போதும். பாஸ் எடுத்தா நட்டந்தான்."

"நட்டமா இருந்தாப் பரவால்ல. ரெண்டு பாஸ் எடு," என்றாள் பிளாரன்ஸ். "வார்ஃபும் வேண்டாம், கிளப்பும் வேண்டாம். மலைக்குப் போட்டுக்குடு, அந்தச் செவப்பு வாசலுக்குப் போட்டுக்குடு. உங்கப்பாவும் இப்பத்தான் மொத மொத ஜப்பானுக்கு வாராரு."

"ஏளா, எனக்கு அங்க ஒரு போர்டு கூட வாசிக்கத் தெரியாது," என்றார் கிங்ஸ்டன். அவர் முகத்தில் மெய்யாகவே பயம் இருந்தது. "ரயில் மாறி ஏறிட்டா?"

"ஏறுனா ஏறிட்டுப் போறோம், பாஸ் இருக்குல்லா." பிளாரன்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. அங்கன எந்தப் பூத்தப் பாத்தாலும் நீங்க நிக்கக் கூடாது. பேச வேண்டிய ஆளு நான் பக்கத்துலயே வாரேன்."