எவர்சில்வருக்கு இரக்கம் காட்டிய ஜபருல்லா

லப்பைக்குடிக்காட்டில் ஜபருல்லாவைப் போல சாதுவான மனிதரைப் பார்ப்பது அரிது. கதவுக்கு வலிக்குமோ என்று பயந்துதான் கதவைச் சாத்துவார். அரியலூரில் ஒரு பட்டறையில் தொழில் கற்றபோது, அவரைத் திட்ட ஆரம்பிக்கும் முதலாளி பாதியிலேயே தாமே வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்வாராம். இப்படிப்பட்டவருக்கு அல்லாஹ் கொடுத்த பிழைப்பு, இரும்பை வெட்டுவது. அவன் கணக்கு நமக்கு எங்கே புரியப் போகிறது.

பெரம்பலூர் போகும் சாலையில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் திருச்சியில் யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட சின்ன மில்லிங் மிஷின். தையல் மிஷினுக்கு அண்ணன் என்று சொல்லலாம், அதற்கு மேல் உறவு கொண்டாட முடியாது. சுழலும் கட்டருக்கு அடியில் இரும்பைப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றி நகர்த்தினால் பள்ளம் விழும். சாதா இரும்பு, ஜபருல்லா எப்படிச் சுற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். ஊர் ஜனங்களைப் போல அதுவும் அவர் சுபாவத்துக்குப் பழகிவிட்டது.

2003-ஆம் வருஷம் நோன்புக்குச் சில நாள் முன்பு, பள்ளிவாசல் பம்பின் உள்ளே சுழலும் ஷாஃப்ட் கம்பி துருப்பிடித்து முறிந்தது. பம்பைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. ஜமாத் கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, ஒருநாளும் பேசாத ஜபருல்லா வாய் திறந்தார்.

"துருப்பிடிக்காத எவர்சில்வர் கம்பியில நானே செஞ்சு தந்துடுறேன். மொத நோன்புக்குள்ள தண்ணி வந்துடும், இன்ஷா அல்லாஹ்."

கூட்டம் உடனே கலைந்தது. பொறுப்பேற்க ஒருவர் கிடைத்துவிட்டால் நம்மூரில் யோசனைகளெல்லாம் வீட்டுக்குப் போய்விடும்.

பக்கத்துக் கொட்டகை லேத்துக்காரர் அரியமுத்து கம்பியைக் கடைந்து கொடுத்தார். இனி அதில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்ட வேண்டும்; பம்பின் விசிறியைப் பிடித்து நிறுத்தும் சின்ன இரும்புக் கட்டை அதில்தான் உட்காரும். இருந்தது அந்த ஒரே கம்பி. அது கெட்டால் நோன்பாளிகள் தெருக் கைப்பம்பில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, ஜபருல்லாவின் மனைவி ரஹ்மத்தின் தம்பி இலியாஸ் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு ஸ்டோரில் வேலை. மிஷினுக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்ததே தவிர, அனுபவத்துக்கு ஒரு குறையும் இல்லை.

"மச்சான், எவர்சில்வருக்கு ஸ்பீடுதான் உயிரு. அங்கல்லாம் கட்டர் சுத்துறதே கண்ணுக்குத் தெரியாது."

"அங்க மிஷின் எவ்ளோ பெருசு மாப்ளே?"

"இந்தக் கொட்டாய் மாதிரி ரெண்டு இருக்கும்."

"நம்மளுது இத்துனூண்டா இருக்கே?"

"அதனால என்ன? ஸ்பீடுன்னா ஸ்பீடுதான்."

ஜபருல்லா பெல்ட்டை எடுத்து இருப்பதிலேயே வேகமான புல்லியில் மாட்டினார். பிஸ்மி சொல்லிக் கைப்பிடியைத் தொட்டார். வேகம் ஷார்ஜா வேகம். தள்ளுகிற கை மட்டும் ஜபருல்லாவின் கை. கைக்குழந்தைக்கு ஏப்பம் வரத் தடவுவது போலத் தள்ளினார். கட்டர் வெட்டவில்லை, உரசியது. கீச்சென்று ஒரு சத்தம், புகை. கட்டரின் முனை நீலம் பாரித்து மழுங்கியது. பள்ளம் விழ வேண்டிய இடத்தில் கண்ணாடிபோல ஒரு பளபளப்பு. அரத்தால் இழுத்தால் அரமே வழுக்கியது. எவர்சில்வரின் குணம் அது. வெட்டினால் வெட்டுப்படும், தடவினால் ரோஷம் வந்து தோல் இறுகிவிடும். இன்னும் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். இரண்டாவது கட்டரும் போய்ச் சேர்ந்தது.

அரியமுத்து வந்து குனிந்து பார்த்தார். "பாய், பள்ளம் எடுக்கச் சொன்னா பாலிஷ் போட்டு வச்சிருக்கீங்க."

"சின்ன மிஷினுப்பா, பாவம். அதான் பதமாத் தள்ளுனேன்."

"மிஷினும் பாவம், கம்பியும் பாவம். நோன்புக்காரங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்களோ."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரஹ்மத் கோழியை அறுத்துத் தரச் சொல்லிக் காய் நறுக்கும் கத்தியை நீட்டினார். "இதுவே போதுங்க, நேரமாச்சு."

"மொன்னைக் கத்தியா? அதுக்கு வேதனை, நமக்குப் பாவம். தீட்டிட்டு வரேன். கத்திய வச்சிட்டுத் தயங்கவும் கூடாது, ஒரே இழுப்பு."

கோழியின் கண்ணில் படாமல் கத்தியைத் தீட்டினார். பிஸ்மி சொல்லி ஒரே இழுப்பில் முடித்தார். கம்பி என்ன ஆயிற்று என்று கேட்க வந்த அரியமுத்து வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோழின்னா இவ்ளோ கறாரா இருக்கீங்க பாய். அந்தக் கம்பி என்ன பண்ணுச்சு, அதை மட்டும் சித்திரவதை பண்றீங்க?"

ஜபருல்லாவின் பார்வை கத்தியின் கூர்முனைக்குப் போனது. கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். கோழியை ரஹ்மத்தான் வந்து எடுத்துப் போக வேண்டியிருந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கொட்டகைக்குப் போனார். மிச்சமிருந்த கடைசிக் கட்டரை மாட்டி, அது சூடேறி மழுங்காமலிருக்கப் பெல்ட்டைத் தாழ்ந்த வேகத்துக்கு இறக்கினார்.

"மச்சான், இது மாட்டுவண்டி ஸ்பீடு," என்றான் இலியாஸ்.

"ஏறி உக்காரு மாப்ளே, மெதுவாப் போவோம்."

இறுகிய தோலுக்குக் கீழே கட்டர் இறங்கும்படி ஆழம் வைத்தார். மிஷின் சின்னது, அதன் சக்திக்கு மேல் ஆழம் கேட்கவில்லை. எண்ணெய் விட்டார். பிஸ்மி சொல்லிக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியவர், கடைசிவரை கையை நிறுத்தவில்லை. மிஷின் முனகியது. வாயில் வந்த 'பாவம்' என்ற சொல்லை விழுங்கிக்கொண்டு, ஒரே சீராகத் தள்ளினார். வெள்ளிச் சில்லுகள் சிதறின. ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஓட்ட ஓட்ட, பள்ளம் நேராக விழுந்தது. கட்டையை வைத்துப் பார்த்தால் கச்சிதம்.

நோன்புப் பிறை தெரிந்த மாலை பள்ளிவாசலில் தண்ணீர் வந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்த, பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி, குழாயில் கொட்டும் வேகத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார். "ஜபருல்லா, இந்தக் குழாய் மாட்டுனவன் யாரோ, நல்ல கைராசிக்காரன்ப்பா. என்னமா வருது பாருங்க."

"ஆமாங்க, நல்ல குழாய்," என்றார் ஜபருல்லா, கால் கழுவிக்கொண்டே. மறுத்து ஒரு வார்த்தை பேசினால் செய்த ஒளு முறிந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.