தாசுக்கு நான் கொடுத்த மன்னிப்பு

என் மனைவியைத் தீயில் தள்ளியவன் நான். அந்தப் பழியை இன்றுவரை சுமந்துகொண்டிருப்பவன் அவளுடைய தம்பி தாஸ். போதாததற்கு, ஊரார் முன்னிலையில் அவனை நான் மன்னித்தும் விட்டேன்!

நீங்கள் என்னைக் காறி உமிழலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு உமிழுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். வீடு பிரேசர் டவுனில். வீட்டின் முன்புறம், தகரக் கொட்டகையின் கீழ், ஒரு பழைய பீட்டில் காரை வாங்கிப் போட்டிருந்தேன். வண்டு போல் முதுகு வளைந்த கார். எஞ்சின் பின்னால் இருக்கும். அதற்குத் தண்ணீரே வேண்டாம். காற்றுதான் அதைக் குளிர்விக்கும். நான் பார்த்தபோது அதன் தரைத்தகடு துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்து குனிந்தால் மண் தெரிந்தது.

எட்டு மாதம் அதோடு கிடந்தேன். தகட்டை வெட்டி ஒட்டினேன். எஞ்சினைக் கழற்றி ஒவ்வொரு பாகமாக மண்ணெண்ணெயில் கழுவினேன். வெளிர்நீலம் பூசினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். வேகம் போதவில்லை என்று, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தினேன். யாருக்காக அந்த வேகம்? மாதா கோயில் வாசலில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக... வேறு எதற்கு?

வயரிங் முழுவதும் தாஸ் செய்தான். அவன் எலக்ட்ரீஷியன். எங்கள் பகுதியில் புது வீடு கட்டினால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காரில் பேட்டரி பின்சீட்டின் அடியில் இருக்கும். சீட்டின் கம்பிச் சுருள் அதன்மேல் பட்டுவிடக் கூடாது என்று தடித்த ரப்பர் விரிப்பை அளந்து வெட்டி மூடினான். அப்படிப்பட்ட கை அவனுடையது. எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

சனிக்கிழமை மாலை. இரண்டாவது கார்புரேட்டருக்குப் பெட்ரோல் குழாய் போட வேண்டும். வாங்கி வைத்திருந்த புதுக் குழாயில் ஒரு சாண் குறைந்தது. மறுநாள் ஞாயிறு பூசை முடிந்ததும் சந்தாபுராவில் மாமியார் வீட்டுக்குக் காரில் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். கழற்றி எறிந்த பழைய குழாயிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். வளைத்தபோது மேல்தோலில் மெல்லிய வெடிப்புகள் விழுந்தன. பார்த்தேன்... பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கை துடைத்துக்கொண்டிருந்தபோது தாஸ் கேட்டான்.

“பெட்ரோல் டியூப் எல்லாம் புதுசா மாத்தியாச்சா மாமா?”

“எல்லாம் புதுசுதான் மச்சான்” என்றேன்.

ஒரே ஒரு பொய். எவ்வளவு எளிதாக வந்தது!

ஞாயிறு காலை கோயில் வாசலில் நான் எதிர்பார்த்தது போலவே எல்லோரும் வந்து காரைத் தொட்டுப் பார்த்தார்கள். என் மனைவி ஸ்டெல்லா பின்சீட்டில் ஏறினாள். தாஸ் என் பக்கத்தில். ஓசூர் ரோட்டில் அழுத்தி ஓட்டினேன். பொம்மனஹள்ளி தாண்டியதும் ஸ்டெல்லா சொன்னாள்:

“ஏங்க, பெட்ரோல் வாசனை வருதுங்க.”

“பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். கண்ணாடிய இறக்கிக்கோ.”

நிறுத்தியிருக்கலாம். அந்தக் கணத்தில்கூட நிறுத்தியிருக்கலாம்! வாசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பின்னால் வந்த பஸ்காரன் ஹார்ன் அடித்து என்னை முந்தப் பார்த்தான். நான் விடவில்லை.

ஹெப்பகோடி அருகே ‘புஸ்’ என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஆரஞ்சு நிறம். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குதித்தேன். ஆம், நான்தான் முதலில் இறங்கினேன். அந்தக் காருக்கு இரண்டே கதவுகள். முன்சீட்டைச் சாய்த்தால்தான் பின்னால் இருப்பவர் வெளியே வர முடியும். சீட்டைச் சாய்த்தது தாஸ். உள்ளே கையை விட்டு அவளை இழுத்தது தாஸ். நைலக்ஸ் சேலை, பற்றிக்கொண்டு விட்டது. ஒரு லாரிக்காரர் “மண்ணு ஹாக்ரீ, மண்ணு!” என்று கன்னடத்தில் கத்தியபடி ஓடி வந்து மண்ணை வாரி இறைத்தார். அப்போதுதான் எனக்குக் கைகால் அசைந்தது.

பிழைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்து இடது முழங்கை வரை தோல் மட்டும் போய்விட்டது. ‘மட்டும்’ என்று எழுதுகிறேன் பாருங்கள்...

விசாரிக்க வந்த போலீஸ்காரர் கரிந்த காரைச் சுற்றி வந்தார்.

“பேட்டரி எல்லி?”

“பின்சீட்டுக்கு அடியில சார்” என்றேன்.

“அப்ப ஷார்ட் சர்க்யூட்தான். வயரிங் யாரு பண்ணது?”

தாஸ் என்னைப் பார்த்தான். அவன் உள்ளங்கைகளில் கட்டு. அந்தக் கண்களில் குற்றச்சாட்டு இல்லை, கேள்விதான் இருந்தது. ‘மாமா, அப்படி இருக்குமா?’ என்கிற கேள்வி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் குனிதலையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவே, என் காலில் விழுந்தான்.

“என் அக்காவ நானே எரிச்சிட்டேனே மாமா!”

தூக்கி நிறுத்தினேன். “விடு மச்சான். வேணும்னேவா பண்ணின?” என்றேன். என் மாமியார் கண்ணீரோடு என்னைக் கும்பிட்டார். எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதை நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? அந்த நிமிடம் அது எனக்கு இதமாகக்கூட இருந்தது.

தாஸ் அதன்பின் டெஸ்டரைத் தொடவில்லை. அக்காவையே கொளுத்தியவன் என்று பெயர் விழுந்த பிறகு யார் கூப்பிடுவார்கள்? பீன்யாவில் ஒரு கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்கு நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அதற்கும் நன்றி சொன்னான். பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களிலும் இந்தக் கதை அவனுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றாவது இடத்துக்கு அவன் வரவே மறுத்துவிட்டான்.

பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். கோபம், குடி, பொறாமை... இதைச் சொன்னதில்லை. சாமியார் ‘போய் அவனிடம் சொல்’ என்பாரே! அதற்குப் பயம்.

சில வருடங்கள் கழித்து, போன நூற்றாண்டு முடிந்த பின், ஒரு ஞாயிறு மதியம் தாஸ் சாப்பிட வந்திருந்தான். சமையலறை சுவிட்சில் தீப்பொறி பறந்தது. ஸ்டெல்லா எதையும் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்:

“தாசு, இத கொஞ்சம் பாருடா.”

அவன் இரண்டடி பின்வாங்கினான். “வேணாங்க்கா... மாமா பாப்பாரு.”

நான் மெயினை அணைத்துவிட்டு சுவிட்சைக் கழற்றினேன். அவன் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வாயையும் திறந்தேன்.

“தாஸ், அன்னிக்கு அந்தக் கார்ல...”

“அத பேசாதீங்க மாமா” என்றான் அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் நான் ரயில்ல தலைய குடுத்திருப்பேன். நீங்க மன்னிச்சீங்களே, அதுலதான் நான் உசிரோட இருக்கேன்.”

இப்போது நீங்கள் சொல்லுங்கள்... அவனைப் பிடித்து நிறுத்திய ஒரே கம்பும் என் பொய் என்றால், அதை உருவலாமா? அல்லது இதுவும் ஒரு கோழையின் சாக்கா? சாக்குதான் என்று உள்ளே ஒரு குரல் சொல்கிறது. தினமும் சொல்கிறது.

திருகாணியை இறுக்கினேன். ஸ்டெல்லா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

“சோறு ஆறுது. ரெண்டு பேரும் வாங்க.”

போனோம். தாஸ் தன் தட்டில் இருந்த பெரிய கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தான்.

நான் அதைத் தின்றேன்.