என் கதைக்கு நின்ன தையல் மிஷின்கள்

போன வருஷம் ஆடி மாசம், ராஜபாளையம் பக்கம் தளவாய்புரத்துல, நான் வேலை பார்க்கிற நைட்டி கம்பெனியில நடந்தது இது. தைச்சு வர்ற நைட்டியில பிசிறு வெட்டி, மடிச்சு அடுக்குறது என் வேலை. வீட்டுக்கு வந்தா போன்ல ஒரு கதை ஆப்புல தொடர்கதை எழுதுவேன், வேற பேர்ல. கம்பெனியில ஒருத்திக்கும் தெரியாது.

ஒவ்வொரு அத்தியாயத்துக்குக் கீழயும் குறை இருந்தா தயங்காம சொல்லுங்கன்னு கெஞ்சுவேன். வர்றதெல்லாம் 'சூப்பர் சிஸ்', 'அடுத்த பகுதி எப்போ?' இம்புட்டுத்தான். ஒரு நாளாவது ஒருத்தர் திட்டக் கூடாதா? நிஜமாவே படிக்கிறாங்களான்னே சந்தேகம் வந்திருச்சு. எழுதுறதையே விட்டுரலாம்னு ஆகிப்போச்சு. விடுறதுக்கு முன்னால ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துருவோம்னு தோணுச்சு.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற தங்கச்சியைப் புது அத்தியாயத்தை வாசிச்சுப் பதிவு பண்ணி அனுப்பச் சொன்னேன். யாரோ எழுதுன கதைன்னு சொல்லி, கம்பெனி ஸ்பீக்கர்ல பாட்டுக்குப் பதிலா ஓட விட்டேன். மிஷின்கள் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. பாதியில, கழுத்து தைக்கிற அக்கா ஒரு கத்து கத்துனாங்க: "ஏட்டி, எம்புட்டு நேரம் அவ அழுதுக்கிட்டே இருப்பா? பாட்டைப் போடு!"

வந்துச்சே எனக்குக் கோவம்! வீட்டுக்குப் போயும் ஆறல. ஆனா திரும்பப் படிச்சா, அட, உண்மைதானே! போலீஸ் வேலைக்கு ஆர்டர் வந்த மருமகளை மாமியார் வீட்டுல போக விட மாட்டேங்கிறாங்க, அவ மூலையில உட்கார்ந்து அழுதுக்கிட்டே இருக்கா. அழுகையைத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. அம்புட்டையும் அழிச்சேன். இந்தத் தடவை, எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்க, பையைத் தூக்கிக்கிட்டு அவளை வாசலுக்கு வர வச்சேன்.

தங்கச்சி மறுபடியும் வாசிச்சு அனுப்புனா. ஓட விட்டேன். மாமியார் வாசலை மறிச்சு நிக்கிற இடம் வந்துச்சு. கழுத்து தைக்கிற அக்காவோட மிஷின் நின்னுச்சு. அடுத்தது அவங்க பக்கத்து மிஷின். செத்த நேரத்துல ஒரு மிஷினும் ஓடல. எல்லாரும் பீஸ் கணக்குக்குத் தைக்கிறவங்க, கை நின்னா கூலி போச்சு. கரண்டு போயிருச்சுன்னு நெனச்சு முதலாளி உள்ள இருந்து ஓடி வந்தாரு.

"செத்த பேசாம இருங்கண்ணே, அவ போறாளா இல்லையான்னு கேப்போம்"னாங்க அக்கா. மனுஷன் வாயை மூடிக்கிட்டு அவரும் நின்னு கேட்டாரு!

அவ வாசலைத் தாண்டுனதும் ஒருத்தி விசிலே அடிச்சுட்டா. யாரு எழுதுனதுன்னு முதலாளி கேட்டாரு. கத்திரிக்கோலோட கையைத் தூக்குனேன்.

"அடிப்பாவி, நீயா!"ன்னு அக்கா எந்திரிச்சு வந்து முதுகுல ஒண்ணு போட்டு, அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் அழுதுட்டேன்.

ஒரு பீஸ் குறைஞ்சாலும் மனசு ஆறாத பொம்பளைங்க, கூலியை மறந்து என் கதைக்காகக் கையை நிறுத்துனாங்க. நானும் ஒரு எழுத்தாளர்தான்னு நானே நம்புனது அன்னிக்குத்தான்.