பெரகலையில் கட்டிய படகு

என் கணவர் வேலணையில் பிறந்தவர். கடலில் கால் நனைத்து வளர்ந்தவர், டாக்டராகிப் பதுளைக்கு வந்து, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்துப்போனார். அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மழை பெய்யும், அருவி விழும், ஓடைகள் கல்லில் மோதிக்கொண்டு ஓடும். ஆனால் ஒரு வள்ளத்தை, ஒரு சின்னப் படகை, இறக்கிவிடக்கூடிய தண்ணீர் கிடையாது. அதை அவர் குறையாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான் என்றாலும் பதுளை நகரத்திலேயே பிறந்து, அங்கேயே ஆசிரியையாக வேலை பார்த்தவள். குளியலறைத் தொட்டியைத் தவிர வேறு தண்ணீரை நம்பாதவள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். போவதற்கு முன் பங்களாவில் விருந்து வைத்தார். சாப்பாட்டு மேசையில் அவர் ஒரு புது இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். படகை ஓட்டுவதற்காக நியூசிலாந்திலிருந்து தருவித்தது. அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி இல்லை. படகின் அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சியடிக்கும், அந்த வேகத்தில் படகு பாயும், முழங்காலளவு தண்ணீரிலும் ஓடும் என்றார். இங்கினியாகலைக் குளத்தில் ஓட்டிப் பார்க்க நினைத்தாராம், நேரம் வாய்க்கவில்லை. "டாக்டர், நீங்கள் தீவுக்காரர். இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

என் கணவரின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். கலியாணமான புதிதில்கூட அப்படி ஒரு வெளிச்சத்தை அதில் கண்டதில்லை. அதைப் பார்த்த பிறகும் நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "இவர் மலையில் கப்பல் விடுவார், நான் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பேன்" என்று மேசை முழுவதுக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். துரையிடம் நன்றி சொல்லி வேண்டாமென்று மறுத்துவிட்டார். இயந்திரம் பெட்டி பிரிக்கப்படாமல் தோட்டத்து ஸ்டோரில் போய்க் கிடந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் படகு என்ற பேச்சே எழவில்லை.

அடுத்த வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று, எழுத்தும் பிடிபடவில்லை. தோட்டத்து விடுதியைக் காலிசெய்து பதுளையில் ஒரு வீடு எடுத்தோம். சில வாரம் கழித்துப் பேச்சு கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பியபோது, அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல் "வள்ளம்".

பார்க்க வந்த அவருடைய நண்பரான டாக்டர், "சொற்கள் இப்படித்தான் கண்டபடி திரும்பும், அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லை" என்றார். நான் நம்பவில்லை. அந்தச் சொல் என்னிடம்தான் வந்தது என்று எடுத்துக்கொண்டேன். அன்று வாயால் கெடுத்ததை இனிக் கையால் செய்து கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

தோட்டத்து ஸ்டோரில் கேட்டபோது பெட்டியைத் தந்துவிட்டார்கள். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. படகு கட்ட ஆள் வேண்டுமே. பெரகலைச் சந்தியில் லொறிகளுக்கு டிங்கரிங் வேலை செய்யும் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். கொஸ்லந்தத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர். கொழும்பில் படகுப் பட்டறையொன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அப்போது புதிதாக வந்திருந்த பைபர்கிளாஸில் படகு வார்ப்பதை அங்கே அவர் கண்டிருந்தார். ஆனால் தனியாக ஒன்றும் செய்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"பலகைப் படகுன்னா வேகமா முடிச்சிரலாங்கம்மா. இது அப்பிடியில்ல. மொதல்ல மரத்துல ஒரு படகு செய்யணும். அது மேல அச்சு எடுக்கணும். அந்த அச்சுக்குள்ளதான் நெச படகு. மூணு படகு செஞ்சா ஒரு படகு கெடைக்கும்."

"செய்யுங்கோ" என்றேன். "நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவன்."

அப்படியே போனேன். சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினால் பண்டாரவளை, அப்புத்தளை தாண்டிப் பெரகலைக்குப் போய்ச் சேர நேரமாகும். திரும்பி வரும்போது இருட்டிவிடும். பள்ளி விடுமுறையில் வார நாட்களிலும் போனேன். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கணவனை இழந்தவள், கைராசியானவள். அவரைத் தூக்கி உட்காரவைப்பதில் என்னைவிடத் தேர்ந்தவள். அதனால் எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மர உரு எழும்பியதும் அவரை வாடகைக் காரில் கூட்டிப் போனேன். பட்டறைக்குள் அது கவிழ்த்து வைத்த பெரிய மீன் மாதிரி இருந்தது. நாற்காலியைப் பக்கத்தில் போட்டு அவரை இருத்தினோம். இடது கையால் முன்பக்கத்தைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருமுறை தடவினார்.

"மூக்கு... கூர்," என்றார். "குத்தும்."

படகு செய்தவருக்குச் சுருக்கென்றது. "வேகமா போற படகுக்குக் கூரா இருந்தாத்தாங்கய்யா நல்லது."

"அலையிலை குத்தும். கொஞ்சம்... கன்னம் வேணும்." தன் கன்னத்தை உப்பிக் காட்டினார். ஒரு பக்கம் மட்டும்தான் உப்பியது.

படகு செய்தவர் சிரித்துவிட்டார், கூடவே என் கணவரும். அந்த முன்பக்கத்தை அறுத்தெடுத்துத் திரும்பச் செய்வதென்று முடிவாயிற்று. காரில் திரும்பி வரும்போது எனக்கு மனம் லேசாக இருந்தது. பாதிக் கடன் தீர்ந்தது போல நினைத்தேன். அவர் வழி முழுதும் நித்திரை.

மாற்றிய உருவைப் பட்டுப்போல உரசி, மெழுகு பூசி, அதன்மேல் கண்ணாடி நார்ப்பாயை விரித்து ரெசின் பசையை ஊற்றி அச்சு எடுத்தார்கள். கழற்றும்போது அச்சு மரத்தோடு ஒட்டிக்கொண்டது. மெழுகு போதவில்லை. உளியும் சுத்தியலும் போட்டு மர உருவைத் துண்டு துண்டாக உடைத்து அச்சைக் காப்பாற்றினார்கள். அவர் கன்னம் உப்பிக் காட்டிச் செய்வித்த முன்பக்கம் விறகாகக் குவிந்து கிடந்தது. ஆனால் அதன் வடிவம் அச்சுக்குள் பத்திரமாக இருந்தது. உள்ளே குனிந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளத்தது.

துரையின் இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சுவதற்கு மட்டும்தான், அதைச் சுழற்ற ஒரு எஞ்சின் வேண்டியிருந்தது. அவர் ஓட்டிய எங்கள் கார், அவர் விழுந்த நாளிலிருந்து ஓட்ட ஆளில்லாமல் வீட்டு முற்றத்தில் சும்மா நின்றது. "காரின்ரை எஞ்சினை எடுக்கட்டோ?" என்று அவரிடம் கேட்டேன். அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஆட்களை வரவழைத்துக் கழற்றினேன்.

பிறகு ஒரு நாள் அவரைப் பார்த்துக்கொண்ட பெண் சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நீங்க பெரகலைக்குப் போற நாள்ல எல்லாம் ஐயா காருக்குள்ள கொண்டுபோயி ஒக்கார வைக்கச் சொல்லுவாரு. எடது கையில ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் இருப்பாரு. இப்ப வேணாங்கிறாரு."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"ஐயாதாங்கம்மா சொல்ல வேணாம்னாரு."

ஆனாலும் நான் நிறுத்தவில்லை. படகு முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னும் விரைந்தேன். அவருடைய உடம்பு இறங்கிக்கொண்டு வந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அவசரம் என்னிடமிருந்து பட்டறைக்கும் போயிற்று.

பெரகலையில் மூடுபனி விலகாத மாதங்கள் அவை. அச்சுக்குள் ஊற்றிய ரெசின் நாட்கணக்கில் இறுகாமல் பிசுபிசுவென்று கிடந்தது. படகு செய்தவர் இறுகவைக்கும் மருந்தைக் கூட்டிக் கலந்து பார்த்தார். அப்போதும் சரிவரவில்லை. கடைசியில் அச்சை லொறியில் ஏற்றிக் கீழே வெல்லவாய வெயிலுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தெரிந்தவரின் நெல் ஸ்டோரைப் பிடித்திருந்தார். இறுகாமல் கிடந்ததை எல்லாம் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"இன்னைக்கு அச்ச மட்டும் தொடச்சி வைப்பங்கம்மா" என்றார். "இந்தச் சூட்டுக்கு மருந்து எவ்வளவு போடணும்னு நாளைக்குக் கொஞ்சமா கலந்து பாத்துட்டு, அதுக்கப்புறம் செய்யலாம்."

"நாளைக்கு நான் நிக்கேலாது. இண்டைக்கே ஒரு பாயாவது போடுங்கோ. நான் பாத்திட்டுப் போறன்."

அவர் என்னைப் பார்த்தார். மறுத்துப் பேசும் பழக்கமில்லாத இடத்தில் வளர்ந்தவர். டாக்டரய்யாவின் மனைவி சொல்கிறாள். பெரகலைக் குளிரில் கலந்த கணக்கிலேயே வாளியில் கலந்தார். கலக்கிக்கொண்டிருக்கும்போதே வாளி சூடேறியது. ஆவி கிளம்பியது. அச்சின்மேல் சிந்திவிடக்கூடாதென்று வாளியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். வாசலில் கால் இடறிற்று. கொதித்த ரெசின் அவருடைய வலது கையில் கவிழ்ந்து, அங்கேயே இறுகியது.

வெல்லவாய ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றியபோது நான் வெளியே நின்றேன். உள்ளே இருந்து சத்தம் வரவேயில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. பிறகு வெளியே வந்தவர், கட்டுப்போட்ட கையை மறைத்துக்கொண்டு, "அச்சுல ஒரு சொட்டுகூட விழலங்கம்மா" என்றார்.

"என்னாலைதான் இது" என்றேன்.

"நான்தாங்கம்மா கலந்தேன்" என்றார் அவர்.

கொஸ்லந்தையில் அவருடைய வீட்டுக்குப் போனேன். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அவருடைய மனைவி, கூடையைக்கூட இறக்காமல் என்னைப் பார்த்தாள். "மொதல்ல கை ஆறட்டுங்க. படகு எங்க ஓடியா போகப்போவுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர் கொடுத்தாள், குடித்தேன்.

கை ஆறிய பிறகு அவரே திரும்பவும் தொடங்கினார். இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. நான் போகாமலே, அவசரப்படுத்தாமலே, படகு உருவானது. பாய்க்குமேல் பாய் போட்டு, காற்றுக் குமிழைத் தேய்த்து வெளியேற்றி, அச்சிலிருந்து கழற்றியபோது இந்தமுறை ஒரு தட்டுத் தட்டியதுமே கழன்று வந்துவிட்டதாம். எஞ்சினைப் பொருத்தினார்கள். துரையின் இயந்திரத்தைப் பின்பக்கம் பூட்டினார்கள். வெள்ளைப் படகு, முன்னால் கன்னம் உப்பியது.

மகியங்கனையில் மகாவலி ஆறு வற்றி மணல் திட்டுக்கள் தலைகாட்டும் காலத்தில் அதை இறக்கினோம். என் கணவரைத் தலையணைகளுக்கு நடுவில் இருத்தித் துண்டால் கட்டினோம். நானும் ஏறினேன், விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு. படகு செய்தவர் ஓட்டினார். எஞ்சின் உறுமியதும் முன்பக்கம் எழும்பி, பின்னால் தண்ணீர் வெள்ளை வாலாகச் சீறியது. ஒரு மணல் திட்டு நேரே வந்தது. நான் கண்ணை மூடினேன். அடியில் சரக்கென்று ஒரு உரசல். திறந்து பார்த்தபோது திட்டு எங்களுக்குப் பின்னால் கிடந்தது. என் கணவர் பாதி வாயால் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா" என்றார். இன்னொருமுறை போனோம்.

கரையில் மருத மர நிழலில் அவரை இருத்தி, வாயைத் துடைத்துவிட்டேன். படகு செய்தவர் தூரத்தில் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிக் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு விருந்திலை நான் சொன்னது உங்களுக்கு நொந்ததோ?"

அவர் யோசித்தார். சொற்களைத் தேடினார்.

"ஓம். நொந்தது. பிறகு மறந்திட்டன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீர்தான்... கிழமைக்குக் கிழமை ஞாபகப்படுத்தினீர்."

"அதுக்காகத்தானே இவ்வளவும் செய்தனான்."

"தெரியும்." நல்ல கையால் என் கையைப் பிடித்தார். "வீட்டிலை இருந்திருக்கலாம் நீர். சனிக்கிழமையிலை பேப்பர் வாசிச்சுக் காட்டியிருக்கலாம்."

வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் என் மூளையில் ஏறியது. ஒரு வருடத்துச் சனிக்கிழமைகளில் அவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, நான் வரும்வரை காத்திருந்திருக்கிறார். நான் இருட்டில் வந்து, ரெசின் மணத்தோடு, களைப்பென்று படுத்துவிடுவேன்.

படகை அங்கேயே, கையைச் சுட்டுக்கொண்டவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் வேண்டாமென்றார், பிறகு எடுத்துக்கொண்டார். அந்த அச்சில் இங்கினியாகலை மீன்பிடிக்காரர்களுக்குப் படகுகள் வார்த்துக் கொடுத்துத் தொழில் நன்றாக நடந்தது. பதுளைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வருவார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டேன். தேநீர்க் கோப்பையை அவர் இடது கையால் வாங்குவதைப் பார்க்காமலிருக்க மட்டும் பழக முடியவில்லை.

என் கணவர் இன்னும் ஒரு மழைக்காலம் இருந்தார். நான் சனிக்கிழமைகளில் எங்கும் போகவில்லை. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பேன். விளம்பரத்தையும் விடவேண்டாம் என்பார். சில நாள் பாதியில் நித்திரையாகிவிடுவார், நான் நிறுத்தாமல் வாசிப்பேன். ஒருநாள் நித்திரை என்று நினைத்து நிறுத்தினேன். கண்ணைத் திறக்காமலே, "வாசியும்" என்றார்.