எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கு?

“கண்ணாடியைப் பாரு, கண்ணு. ரெண்டாவது கியர். இந்த நாட்டுக்கு ஏன் ஒரு அரசியல் சாசனப் புத்தகம் இல்லைன்னு எப்பவாவது யோசிச்சிருக்கியா? பிரேக்! பிரேக்!”

ரவுண்டானாவுக்குள் நுழையும் நேரத்தில்தான் ஈனிட் பிராத்வெயிட்டுக்கு அரசியல் வரும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். வயது அறுபத்திரண்டு. கார் நின்றிருக்கும்போதுகூடத் தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார். புதினா மிட்டாயைச் சப்பமாட்டார், கடித்து நொறுக்குவார். நாற்பத்து மூன்று வயதில் அவரிடம் போய்ச் சேர்ந்த நான் இரண்டு முறை தேர்வில் தோற்றேன். கிளட்சைவிட நாடாளுமன்றத்தைப் பற்றித்தான் அதிகம் கற்றிருந்தேன்.

அவருடைய கணவர் கிளிஃப்டன் ஐந்து வயதில் கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து வந்தவர். ஒரு பள்ளியில் பராமரிப்பு வேலை. ஐம்பத்தொன்பதாவது வயதில், இங்கே இருக்க உரிமை உண்டென்று நிரூபிக்கச் சொல்லி அவருக்கு அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை போயிற்று. பழைய மதிப்பெண் அட்டை, பல் மருத்துவர் சீட்டு என்று பதினான்கு மாதம் தேடித் தேடி அனுப்பினார்கள். கடைசியில் தவறு நடந்துவிட்டதென்று மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். கிளிஃப்டன் மறந்துவிட்டார், அல்லது மறந்ததுபோல் இருக்கப் பழகிக்கொண்டார். ஈனிட்டால் முடியவில்லை.

“மன்னிப்பை எழுதத் தெரியுது. உரிமையை எழுதிவைக்கத் தெரியலையா?”

தொகுதி எம்.பி. நூலகத்தில் மக்களைச் சந்தித்த ஒரு சனிக்கிழமை, என்னையே ஓட்டச் சொல்லி அங்கே போனார். “பார்க்கிங் பழகு” என்றார். நான் கோட்டை மிதித்து நிறுத்தியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரருக்கு நடந்தது இன்னொரு தடவை நடக்காதுன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு? சொல்லுங்க.”

எம்.பி. பொறுமையான இளைஞர். “நம்ம சாசனம் ஒரே புத்தகத்துல இல்லைம்மா. சட்டம், தீர்ப்பு, மரபுன்னு பல இடத்துல இருக்கு. காலத்துக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சு கொடுக்கும்.”

“வளைஞ்சது எங்க வீட்டுக்காரர் முதுகுதான்.”

தன் முறைக்காகக் காத்திருந்த கறிக்கடை வில்ஃப் சும்மா இருக்கவில்லை. “எழுதிவெச்ச நாட்டுலயும் அடிச்சுக்கத்தான் செய்யறாங்க ஈனிட். அப்புறம் யாரும் ஓட்டுப் போடாத ஜட்ஜுங்கதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுவாங்க. அவங்களை நாம வீட்டுக்கு அனுப்ப முடியுமா?”

ஈனிட் ஒரு புதினா மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். “சரிதான் வில்ஃப். எழுதினா மட்டும் போதாது. ஆனா எழுதாததை எதைக் காட்டிக் கேக்கறது? நாடாளுமன்றத்துல பாதிக்கு மேல ஒரு ஓட்டு விழுந்தா எந்த உரிமையையும் எடுத்துடலாமே!”

“அப்படியெல்லாம் யாரும் செய்யமாட்டாங்கம்மா” என்றார் எம்.பி.

“அந்தக் கடிதம் வர்றதுக்கு முந்தின நாள்வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

மேலிடத்தில் சொல்வதாக எம்.பி. குறித்துக்கொண்டார். அதோடு சரி.

அந்த ஆகஸ்டில் பார்படோஸில் இருக்கும் அக்காவின் எண்பதாவது பிறந்த நாளுக்குப் போவதாகக் கிளிஃப்டன் அறிவித்தார். ஐம்பது வருடத்துக்கு மேலாகப் பார்க்காத அக்கா.

“திரும்பி வர விடலைன்னா?”

“விடலைன்னா என்ன, கடற்கரையில உக்காந்து ரம் குடிப்பேன். நீயும் வந்துடு.”

ஈனிட் சிரிக்கவில்லை. போகாதே என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். அந்தக் கடிதம் செய்ததைத்தான் தானும் செய்கிறோம் என்று பட்டதோ என்னவோ, எட்டாவது நாள் கணவரின் பெட்டியைத் தானே அடுக்கினார்.

மூன்று வாரம் கழித்து மான்செஸ்டர் விமான நிலையத்தில் அவரோடு நானும் நின்றேன். விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரமாயிற்று. அதில் வந்த குடும்பங்களெல்லாம் போய்விட்டன. ஈனிட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிவந்த தேநீர் அவர் கையிலேயே ஆறிப்போயிற்று.

கடைசியில் கிளிஃப்டன் வந்தார், வெறுங்கையோடு. “பெட்டி வேற ஊருக்குப் போயிடுச்சு, ஈனி. அதுக்குத்தான் இவ்வளவு நேரம். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை!”

ஈனிட் அவரைக் கட்டிக்கொள்ளவில்லை. கையை நீட்டினார். கிளிஃப்டன் சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். ஈனிட் அதைத் திறந்து, பெயரை விரலால் தொட்டுப் படித்தார். தன் கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தார். மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.