நீலக்குடை யாருடையது

மஞ்சக்குட்டையில் எங்கள் ஆண்டெனா ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் இருந்தது. மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, கொடிக்கு மேல் அலுமினியக் குச்சிகள், அதற்கும் மேல் மூடுபனி. பனி இறங்கினால் படம் புள்ளி புள்ளியாக உதிரும். குரல் மட்டும் ஈரத்தில் நடந்து வரும்.

அப்படித்தான் அந்தத் தொடரைப் பார்த்தோம். ஒரு மலை பங்களா. கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க வந்தவர் காணாமல் போகிறார். வாராவாரம் வாசலில் ஒரு நீலக்குடை விரிந்து கிடக்கும். யார் வைத்தது? எங்கள் டிவி கறுப்பு வெள்ளை; குடை நீலம் என்று கதையில் வருகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆனாலும் கண்ணை மூடினால் இன்றைக்கும் எனக்குத் தெரிகிற முதல் நீலம் அதுதான்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த அப்பாவுக்குக் கதையில் வரும் டாக்டர்மேல் சந்தேகம். அம்மாவுக்குச் சமையல்காரிமேல். பந்தயம் கட்டினார்கள்: தோற்றவர் ஆயுசுக்கும் காலைக் காப்பி போட வேண்டும். முடிவு தெரியும்வரை ஒருநாள் அவர், ஒருநாள் இவர். அப்பா அடுப்படிக்குள் நுழைந்ததே அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான்.

ஒரு வாரம் தொடர் வரவில்லை; அதற்குப் பிறகும் வரவே இல்லை. அந்த நேரத்தில் யாரோ தக்காளிச் செடிக்கு மருந்தடிப்பது பற்றிப் பேசினார்கள். நாங்கள் பனியைத்தான் சந்தேகப்பட்டோம். காற்றில் ஆண்டெனா திரும்பி வேறெதையோ பிடிக்கிறது என்று முடிவானது. அப்பா மரத்தில், நான் ஜன்னலில், அம்மா டிவி முன்னால். இன்னும் கொஞ்சம் சேலம் பக்கம் திருப்பச் சொல்லி அம்மா சொல்வதை நான் மரத்துக்கு அனுப்புவேன். தக்காளிக்காரர்தான் மேலும் மேலும் தெளிவானார். கீழே சேலத்தில் முடிவைக் காட்டியிருப்பார்கள், நம் பங்கைப் பனி தின்றுவிட்டது என்றே இத்தனை காலமும் நம்பினோம்.

ஊர் ஊராக அலைகிறவன் நான். போன மாதம் ஏதோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். முடிவை எடுக்கவே இல்லையாம். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அந்தக் குடை?"

"யாருதும் இல்லீங்கம்மா."

அம்மா ஜன்னலைப் பார்த்தார். மிளகுக்கொடி ஆண்டெனாவையே விழுங்கியிருந்தது. முழங்கால் வலி வந்தபிறகு அப்பா எதற்கும் நேரத்தில் எழுவதில்லை, தன் காப்பி முறைக்குத் தவிர. அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"உங்கப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. பந்தயமே இல்லைன்னு தெரிஞ்சா மனுசன் படுத்தே கெடப்பாரு."

மறுநாள் அப்பாவின் முறை. சுவரைப் பிடித்தபடி வந்தார். காப்பியில் சர்க்கரை நொம்ப அதிகம் என்று அம்மா வழக்கம்போல் குறை சொன்னார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, அந்தக் குடைக்கதை உன்ற போனுல கெடைக்குமா? அந்த டாக்டரு மாட்டறதப் பாத்துப்போட்டா, அப்பறம் நிம்மதியாத் தூங்கலாம்."

அம்மா டம்ளருக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இங்க சிக்னல் இல்லீங்கப்பா," என்றேன். "ஒரே பனி."