சங்கையா யானை விரட்டிய தீவு

எங்கள் சக்குபள்ளம் ஏலக்காய்த் தோட்டத்தில் லீவு கேட்டால் கல்யாணம், சாவு, காய்ச்சல் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நான் அங்கே பதினெட்டு வருடம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன், எனக்குத் தெரியும். 1976 சித்திரையில் தகரம் தட்டி யானை விரட்டும் காவல்காரர் சங்கையா என் மேஜை முன்னால் வந்து நின்று, சிலோனுக்கு ஊர் பார்க்கப் போகிறேன், பன்னிரண்டு நாள் வேண்டும் என்றார். சிரித்துவிட்டேன். பிழைக்கப் போன சனமே அங்கிருந்து மூட்டைமுடிச்சோடு திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. இவர் வேடிக்கை பார்க்கப் போகிறாராம்.

போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது அவர் மனைவி சின்னத்தாய். அவளுடைய அண்ணன் ஆறுமுகசாமி அநுராதபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார், வருடா வருடம் கூப்பிட்டுக் கடுதாசி போடுவார். இந்த மனுசன் மூன்று வருடமாக ஒழுங்காகத் தூங்கவில்லை, கண் காணாத ஊரில் கொண்டுபோய் உட்காரவைத்துப் பார்க்கிறேன் என்று அவள் என்னிடம் சொன்னாள். அப்புறம் நான் சிரிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலையில் தோட்டத்துக்குள் புகுந்த ஒற்றை யானை பொன்ராஜை மிதித்துக் கொன்றது. காவலில் இருந்தது பொன்ராஜும் சங்கையாவும்தான். இருவருமே ஓடாமல் நின்று கடைசிவரை தகரம் அடித்துப் போராடினார்கள் என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. யார் கிளப்பியதோ தெரியாது. மேனேஜர் அதை நம்பி, சங்கையாவுக்குக் கம்பளி போர்த்திப் பாராட்டினார். நானும் நம்பினேன், எனக்கென்ன தெரியும்.

பின்னால் அவரே என்னிடம் சொன்ன உண்மை என்னவென்றால், அவர் தகரத்தைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். அதைச் சொல்ல முதல் நாள் வாய் வரவில்லை, பிறகு ஒவ்வொரு நாளும் கூடுதலாக வரவில்லை. பொன்ராஜின் மனைவி ராமுத்தாய் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அவள் வீட்டில் மொச்சைக் குழம்பு வைத்தால் இவர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் வரும். சொன்னால் அந்தத் தங்கச்சி முகத்தில் விழிக்க முடியாது, சொல்லாவிட்டால் தூக்கம் கிடையாது. பெண்டாட்டியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை.

ராமேஸ்வரத்தில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் அநுராதபுரம் போனார்கள். மச்சான் ஆறுமுகசாமி வாட்டசாட்டமான ஆள், கலகலப்பானவர். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வாடகை வேனில் இவர்களை ஊர் ஊராகக் கூட்டிப் போனார். மலை மாதிரி நின்ற பழைய செங்கல் தூபியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு செங்கலையும் சுமந்தது யார், அவர்களுக்குக் கூலி ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று சங்கையா கேட்டாராம். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் மான்கள் பக்கத்தில் வந்து கையை முகர்ந்தன. சின்னத்தாய் கடல் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து, உப்பு என்று சொன்னது நிசந்தான் என்று துப்பினாள். சங்கையாவோ கடற்கரையில் நாலு எட்டு நடப்பார், உடனே உட்கார்ந்து கால் விரலிடுக்கில் அட்டை தேடுவார். மணலில் ஏது அட்டை? ஏலக்காட்டுப் பழக்கம், ஆளை விடுவதாயில்லை.

திருகோணமலையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு குளம். அந்தக் காலத்து ராசா வெட்டியது, கரையில் நின்றால் எதிர்க்கரை புகைச்சலாகத்தான் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்காக வேனை நிறுத்தினார்கள். அங்கே வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் காமிராவோடு மூச்சுக்காட்டாமல் நின்றிருந்தார்கள். மரத்தடியில் சின்னத்தாய் தூக்குச்சட்டியைத் திறந்து கொண்டிருந்தாள். அப்போது புதரை விலக்கிக்கொண்டு பன்னிரண்டு யானைகள், குட்டிகளோடு, தண்ணீருக்கு இறங்கின.

அடுத்த நிமிடம் சங்கையா தூக்குச்சட்டி மூடியைப் பிடுங்கி, சோற்றுக் கரண்டியால் அடி அடி என்று அடிக்க ஆரம்பித்தார். எங்கள் தோட்டத்துக் காவல்காரர்கள் போடும் அந்த ஊளையும் சேர்ந்துகொண்டது. அதை ஒருமுறை கேட்டவன் மறக்க மாட்டான். யானைகள் திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டன. தண்ணீர் மட்டும் அலையடித்துக்கொண்டு கிடந்தது.

வெள்ளைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கடல் கடந்து வந்து மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தவர்களாம், பாவம். வனக்காவலர் ஒருவர் ஓடிவந்தார். சிங்களக்காரர், தமிழும் கொஞ்சம் பேசுவார். இங்கே யானையை விரட்டுவது குற்றம் என்று சத்தம் போட்டார். மச்சான் குறுக்கே விழுந்து, இவருக்கு இந்தியாவில் வேலையே அதுதான் ஐயா, கை தானாக அடித்துவிட்டது என்று விளக்கினார். காவலர் சங்கையாவின் கையைப் பார்த்தார். யானைகள் போன பிறகும் அது மூடியைக் கீழே வைக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தது. காவலர் அதற்குமேல் கோபப்படவில்லை. உட்கார், அதுகளுக்குத் தாகம், எப்படியும் வரும், இங்கே விரட்ட வேண்டியது உன் வேலை இல்லை என்றார்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. சங்கையா இருபது வருடக் காவலில் யானையை நின்று பார்த்ததில்லை. நிழலைக் கண்டதும் தகரத்தை எடுக்கிற பிழைப்பு. அன்றைக்குத்தான் பார்த்தார். ஒரு குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது, தாய் அதைக் காலால் நெம்பி எழுப்பியது. சின்னத்தாய் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தானும் சிரித்ததாகச் சங்கையா என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அங்கேயே, மச்சான் வேன் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

சின்னத்தாய் புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க ஓடாம நின்னுருந்தா நான் இப்ப யாரு பக்கத்துல உக்காந்து இதப் பாக்குறது?" என்றாள். பிறகு, "எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. ராமுத்தாயிகிட்டச் சொல்லிருங்க."

பாதிப் பாரம் அந்தக் குளத்தங்கரையிலேயே இறங்கிவிட்டது என்பார் சங்கையா. மீதிப் பாதிதான் கூடவே கப்பலேறியது. ராமேஸ்வரம், மதுரை, கம்பம் என்று ஊர் நெருங்க நெருங்க அது கனத்துக்கொண்டே வந்தது. குமுளி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வாரம் சொல்கிறேனே என்று கேட்டுப் பார்த்தாராம். சின்னத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் ராமுத்தாய் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். மன்னார்ப் பக்கம் வாங்கிவந்த பனையோலைப் பெட்டியைச் சின்னத்தாய் அவளிடம் கொடுத்தாள். சங்கையா உட்காரவில்லை. நின்றபடியே, நான் தகரம் அடிக்கவில்லை, பொன்ராஜை விட்டுவிட்டு ஓடிவிட்டேன், இத்தனை நாள் உன் கையால் வாங்கித் தின்றதெல்லாம் பொய்யாகத் தின்றது என்று சொல்லி முடித்தார்.

ராமுத்தாய் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்குத் தெரியும்ணே. எங்க வீட்டுக்காரரு செத்துக் கெடந்தது ஓடைக்கரையில. காவக்குடிசையில இருந்து அம்புட்டுத் தூரம். நின்னு தகரம் அடிச்ச ஆளு அங்க எப்படிப் போயிருப்பாரு? ஊரு அவரப் பெருமையாப் பேசுச்சு, நானும் அப்படியே விட்டுட்டேன். ரெண்டு பேருந்தான் ஓடியிருக்கீக. ஒருத்தராவது வந்து சேந்தீகளேன்னு நெனச்சுத்தான் கொழம்பு குடுத்து விட்டேன்."

சங்கையா அந்த வாசலிலேயே உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கும் சேர்த்து வாய்விட்டு அழுதார். ராமுத்தாயும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.